துளைக்கேற்ற ரவை

நூலின் நம்பர் ஏற ஏற நூல் மெலியும் என்பதை நெசவாளர்க்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. ஒரு ராத்தல் எடையுள்ள பருத்தி நூலில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை தேறுகின்றனவோ, அத்தனையே அந்நூலின் நம்பர். இருபது சிட்டம் தேறினால் 20-ஆம் நம்பர். எண்பது தேறினால் 80-ஆம் நம்பர். எண் பெருகப் பொருள் சிறுக்கும் இந்தக் கணக்கை ஆங்கிலேயர் நூலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. துப்பாக்கிக் குழலின் துளையை அளக்கவும் இதே வழியைக் கையாண்டனர். ஒரு ராத்தல் சுத்த ஈயத்தை ஒத்த எடையுள்ள பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எந்தத் துளையில் இடைவெளியின்றிப் பொருந்துகிறதோ அந்தத் துளை 12 போர். இருபது உருண்டைகளாக வார்த்தால் ஒவ்வொன்றும் சிறுத்துவிடுமாதலால், அதற்குரிய 20 போர் குழல் 12 போர் குழலினும் ஒடுங்கியது. தோட்டாக் கடைக்குப் புதிதாகச் செல்வோர் பலர் இருபதே பெரியது என்று எண்ணி விடுவதுண்டு. நூல் பழகிய கைகளுக்கு அந்த மயக்கம் நேராது.

இவ்விதழில் துப்பாக்கியைப் பற்றிய பாடம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். பயிரிடுவோருள் பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தின் பேரில் துப்பாக்கி வைத்திருப்போர் இன்றும் உளர். அவர்களுட் பலரிடம் இருப்பது தந்தையோ பாட்டனாரோ வாங்கிவைத்த பழைய ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் துப்பாக்கியே. துப்பாக்கி பரம்பரையாக வந்துவிடுகிறது. அதனுள் இடவேண்டிய தோட்டாவைப் பற்றிய அறிவு அவ்வாறு வந்து சேர்வதில்லை. கனத்த தோட்டாவே வல்லமை மிக்க தோட்டா என்ற எண்ணம் மட்டும் எங்கும் பரவி நிற்கிறது. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் மெய், எவ்விடத்தில் பொய்யாகிறது, எப்போது அபாயமாகவும் முடிகிறது என்பதைக் கணக்கோடு ஆராய்வதே நம் நோக்கம்.

ஆராயுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். உரிமம் என்பது துப்பாக்கியை வைத்திருப்பதற்கான அனுமதியேயன்றி விலங்கைச் சுடுவதற்கான அனுமதி அன்று. முன்னது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைச் சேர்ந்தது. பின்னதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆள்கிறது. நிலக்கடலையைக் கிண்டும் பன்றியாயினும், நெற்கதிரைக் கொய்யும் மயிலாயினும், வனத்துறையின் முறையான உத்தரவின்றி நாமாகச் சுடுதல் குற்றம். ஆகவே இப்பாடத்தை வேட்டைக்கான பாடமாக எவரும் கொள்ளவேண்டாம். கையிலுள்ள கருவியை அறிந்துகொள்வதற்கான பாடமாகவே கொள்க.

இனி ரவை. ரவை என்று நாம் குறிப்பது அடுக்களை ரவையை அன்று. தோட்டாவினுள் நிரப்பப்படும் சிறு ஈயக் குண்டுகளை. தோட்டாவின் அடியில் வெடிமருந்தும், அதன்மேல் தக்கையும், தக்கைக்கு மேல் ரவையும் இருக்கும். மருந்து எரிந்து எழும் ஆவி தக்கையைத் தள்ள, தக்கை ரவையைத் தள்ளுகிறது. குழலுக்குள் ஓடும்போது ரவை முழுவதும் ஒரு சிறு தூண்போலத் திரண்டு செல்கிறது. வாயைக் கடந்தபின்பே அது விரிகிறது. தொலைவில் ஒரு காகிதத்தை நிறுத்திச் சுட்டால் அதில் விழும் துளைகளின் அமைப்பைப் பரவல் என்போம். துப்பாக்கியின் தரமும் தோட்டாவின் தரமும் அந்தப் பரவலில்தான் புலப்படும்.

நல்ல பரவல் எது? நெருக்கமானது மட்டும் நல்லதாகிவிடாது; ஒரே சீராகவும் இருத்தல் வேண்டும். அச்சில் இரண்டு பல்லுக்கு இழை கோக்காமல் விட்டு, பக்கத்துப் பல்லில் நான்கு இழையைத் திணித்து நெய்தால், இழைகளின் மொத்த எண்ணிக்கை சரியாக இருப்பினும் துணியைப் பார்வையாளர் கழித்துவிடுவார். பரவலும் அவ்வண்ணமே. ஓரிடத்தில் கொத்தாகக் குவிந்து, மற்றோரிடத்தில் கையகல வெற்றிடம் விட்டுச் செல்லும் ரவை, எண்ணிக்கையில் எவ்வளவு மிகுந்தாலும் நம்பத்தக்கதன்று. இத்தகைய வெற்றிடத்தின் வழியாகக் குறி தப்பிவிடும். அல்லது ஒன்றிரண்டு ரவை மட்டும் பட்டு, உயிருள்ளதாயின் புண்பட்டு ஓடிப்போய் எங்கோ வருந்திச் சாகும். இதைவிடப் பழியான விளைவு வேறில்லை.

இந்தச் சீரைக் கெடுக்கும் காரணங்களுள் தலையாயது, துளைக்குப் பொருந்தாத ரவை எடை. எவ்வாறு என்பதைப் பார்ப்போம்.

12 போர் குழலின் துளை ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது. 16 போருக்கு 16.8, 20 போருக்கு 15.6, 28 போருக்கு 14. இவற்றோடு 410 என்றொரு சிறு துப்பாக்கியும் உண்டு. அது மட்டும் இந்த வரிசைக் கணக்குக்கு உட்படாதது. 410 என்பது போர் எண் அன்று, துளையின் அளவு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 410 பங்கு என்பதையே அது குறிக்கும். மில்லிமீட்டரில் 10.4 ஆகிறது.

ஒரே எடையுள்ள ரவையை 12 போரிலும் 20 போரிலும் நிரப்பினால், அகன்ற குழலில் தூண் குட்டையாகவும், ஒடுங்கிய குழலில் நெட்டையாகவும் நிற்கும். 32 கிராம் ரவை, அதாவது 1⅛ அவுன்சு, 12 போரில் ஏறத்தாழ 17½ மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. துளையின் குறுக்களவும் ஏறக்குறைய அவ்வளவே. அதே 32 கிராமை 20 போரில் இட்டால் தூணின் உயரம் 25 மில்லிமீட்டரை எட்டுகிறது, குறுக்களவோ 15.6 மட்டுமே. உயரமும் அகலமும் ஒத்திருக்கும் நிரப்பலைச் சதுர நிரப்பல் என்று துப்பாக்கித் தொழிலறிந்தோர் அழைத்து வந்தனர். பக்கவாட்டில் பார்த்தால் தூண் சதுரமாகத் தோன்றும் என்பதே அப்பெயருக்குக் காரணம்.

இச்சதுர நிரப்பலின் எடையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. துளையில் பொருந்தும் ஈய உருண்டையின் எடை நமக்குத் தெரியும். ஒரு ராத்தல் 453.6 கிராம், அதைப் போர் எண்ணால் வகுத்தால் போதும். 12 போருக்கு 37.8 கிராம், 16 போருக்குச் சரியாக ஓர் அவுன்சான 28.35 கிராம், 20 போருக்கு 22.7, 28 போருக்கு 16.2. உருண்டையைவிட, அதே அகலமும் உயரமும் உடைய உருளைக்குக் கொள்ளளவு ஒன்றரை மடங்கு. ஆனால் ரவையைக் கொட்டி நிரப்பும்போது இடையிடையே காற்று நிற்பதால், கொள்ளளவில் பத்தில் ஆறு பங்கே ஈயம். ஒன்றரையைப் பத்தில் ஆறால் பெருக்கினால் பத்தில் ஒன்பது. ஆகவே உருண்டை எடையில் பத்தில் ஒன்பது பங்கே சதுர நிரப்பல் என்று முடிவாகிறது. 12 போருக்கு 34 கிராம், 16 போருக்கு 25½, 20 போருக்கு 20½, 28 போருக்கு 14½ என்று கொள்ளலாம்.

இதோடு, இங்கிலாந்தில் நெடுங்காலம் வழங்கிவந்த சாதாரணத் தோட்டாக்களின் எடையை ஒப்பிட்டுப் பாருங்கள். 12 போருக்கு 30 கிராம். 16 போருக்கு 26½. 20 போருக்கு 23. 28 போருக்கு 16. நம் கணக்குக்கும் அவர்களது வழக்கத்துக்கும் இடையே பெரிய தூரமில்லை. அவ்வழக்கத்தை ஏற்படுத்தியோர் சூத்திரம் போட்டு எழுதவில்லை. காகிதத்தில் சுட்டுச் சுட்டுப் பார்த்துக் கைப்பழக்கத்தால் அங்கே வந்து சேர்ந்தனர்.

தூண் நெட்டையானால் என்ன கேடு? ஈயம் மென்மையான உலோகம். அசையாமல் கிடக்கும் ரவை, குழலின் நீளமாகிய முக்கால் மீட்டர் தூரத்துக்குள் வினாடிக்கு ஏறக்குறைய 400 மீட்டர் வேகத்தைப் பெற்றுவிடுகிறது. அந்தத் திடீர் உந்தலில் மேலே உள்ள ரவையின் பாரம் முழுவதும் அடியில் உள்ளவற்றின்மேல் விழுகிறது. தூண் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு அடித்தட்டு நசுங்கும். மூட்டையின்மேல் மூட்டையாக அடுக்கிய தக்காளிக் கூடையின் அடித்தட்டை நினைத்துக்கொண்டால் விளங்கும். இதற்கு மேல், தூணின் வெளிப்புறத்தில் உள்ள ரவைகள் குழலின் சுவரில் உராய்ந்து ஒருபுறம் தேய்கின்றன. தூண் நெட்டையாகவும் துளை ஒடுங்கியதாகவும் இருந்தால், சுவரைத் தொடும் ரவைகளின் பங்கும் கூடிவிடுகிறது. நசுங்கியதும் தேய்ந்ததுமான ரவை காற்றைச் சீராகக் கிழித்துச் செல்ல இயலாது. சில பக்கவாட்டில் விலகிப் பரவலின் ஓரத்துக்கு ஓடும். சில வேகமிழந்து பின்தங்கும். நாம் விலைகொடுத்து மிகுதியாகச் சேர்த்த ஈயத்தில் ஒரு பகுதி இவ்வாறு பயனின்றிப் போகிறது.

சதுர நிரப்பலை வேதவாக்காகக் கொள்ளலாமா எனில், கூடாது என்போம். 28 போரில் 21 கிராம் இடுவது அமெரிக்காவில் நெடுநாளைய வழக்கம். அத்தூண் 14 மில்லிமீட்டர் அகலத்துக்கு 20 மில்லிமீட்டர் உயரம் நிற்கிறது, சதுரத்தினின்று வெகுதூரம். ஆயினும் அந்தத் தோட்டா நல்ல பரவலைத் தருவதென்று பெயர் பெற்றது. இதற்கு மாறாக 410-இல் 14 கிராம் இடுங்கால் தூண் அகலத்தைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்றே குறைவாக உயர்ந்துவிடுகிறது. அது பழகாதவர் கையில் ஏமாற்றம் தரும் துப்பாக்கி என்பதை அதை ஆண்டவர் அனைவரும் ஒப்புவர். ஆதலின் சதுரம் என்பது எல்லைக்கல் அன்று, வழிகாட்டி மரம். சற்று விலகினால் நட்டமில்லை. வெகுவாக விலகினால் ஏதோ ஒன்றை இழந்தே தீரவேண்டும்.

நசுங்குதலைத் தடுக்கச் சென்ற நூற்றாண்டில் இரண்டு உபாயங்கள் நிலைபெற்றன. ஈயத்தில் சிறிது அஞ்சனக்கல் என்னும் ஆன்டிமனியைக் கலந்து ரவையைக் கடினமாக்குவது ஒன்று. 1960-களில் பரவிய பிளாஸ்டிக் கிண்ணத் தக்கை மற்றொன்று. ரவை முழுவதும் அக்கிண்ணத்துக்குள் அமர்ந்து குழலைக் கடப்பதால் சுவரில் உராய்வதில்லை. இவ்விரண்டும் வந்தபின் கனத்த நிரப்பலின் தீமை முன்போல் இல்லை என்பதை மறுக்கலாகாது. பழைய கம்பளித் தக்கைத் தோட்டாவுக்குச் சொன்ன விதியை இன்றைய தோட்டாவுக்கு அப்படியே சொல்லுதல் முறையன்று. உரசல் நீங்கியதே தவிர, அடித்தட்டின்மேல் விழும் பாரம் நீங்கவில்லை.

ரவை எவ்வாறு உருண்டையாகிறது என்பது ஒரு சுவையான கிளைக்கதை. பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாட்ஸ் என்பவர் 1782-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். உருக்கிய ஈயத்தைத் துளையிட்ட தட்டின் வழியாக உயரமான இடத்திலிருந்து சொட்டச் செய்தால், வீழும்போதே ஒவ்வொரு சொட்டும் தானாக உருண்டு குளிர்ந்து, கீழேயுள்ள நீர்த்தொட்டியில் விழும். அதற்கு முன்பு வார்ப்படத்தில் ஒவ்வொன்றாக வார்த்தும், ஈயத்தகட்டைத் துண்டாக்கி உருட்டியும் வந்த வேலையை, மழைத்துளி செய்வது போல் காற்றே செய்து முடித்தது. ரவை எவ்வளவு உருண்டையாக இருக்கிறதோ அவ்வளவு நேராகப் பறக்கும். அதை நசுக்காமல் வெளியே அனுப்புவதே பின்னால் வந்த தோட்டாக்காரரின் கவலையாயிற்று.

கனத்த ரவைக்கு வேறிரண்டு விலைகளும் உண்டு. குழல் தாங்கக்கூடிய அழுத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு உள்ளது. அவ்வரம்புக்குள் நின்றுகொண்டு ரவையைக் கூட்டினால், மருந்தைக் குறைக்க வேண்டும் அல்லது மெல்ல எரியும் மருந்தை இடவேண்டும். பெரும்பாலும் வேகம் குறைந்துவிடும். இது முதலாவது. தோளில் விழும் உதை இரண்டாவது. முன்னால் செல்லும் எடை மிகுந்தால் பின்னால் வரும் உதையும் மிகும். பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கிக் கம்மியர் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் பெயரால் வழங்கும் விதியொன்று, துப்பாக்கியின் எடை ரவையின் எடையைப்போல் 96 மடங்கு இருத்தல் வேண்டும் என்கிறது. ஓர் அவுன்சு ரவைக்கு 6 ராத்தல் துப்பாக்கி. 1¼ அவுன்சுக்கு 7½ ராத்தல். கிலோ கணக்கில் 28 கிராமுக்கு 2.7 கிலோ, 32 கிராமுக்கு ஏறக்குறைய 3.1 கிலோ. வீட்டுத் தராசில் துப்பாக்கியை, தோட்டா ஏதுமில்லை எனச் சோதித்தபின், நிறுத்து இந்த விதியோடு ஒப்பிடலாம். 20 போர் துப்பாக்கிகள் தூக்கிச் சுமக்க இலேசாக இருக்கவேண்டுமென்றே செய்யப்படுபவை. அவற்றில் 12 போரின் ரவையைத் திணிப்பது, ஒற்றை மாட்டு வண்டியில் இரட்டை மாட்டுப் பாரம் ஏற்றுவதாகும். உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவர்க்குப் பரவல் எவ்வளவு சீராயிருந்தும் என்ன பயன்?

பரவலைப் பற்றிப் பேசுங்கால் வாய்நெருக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கடைகளில் இதைச் சோக் என்பர். குழலின் வாயருகே துளையைச் சிறிது ஒடுக்கி விடுவதே இது; 12 போரில் முழு நெருக்கம் என்பதுகூட ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஒடுக்கமே. நியூகாசில் நகரத்து டபிள்யூ. ஆர். பேப் 1866-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1870-களில் கிரீனர் இதைப் பிரபலப்படுத்தினார். நெருக்கமே இல்லாத குழல், 40 கெஜத் தொலைவில் 30 அங்குல வட்டத்துக்குள் தன் ரவையில் நூற்றுக்கு 40 பங்கை வைக்கும். பாதி நெருக்கம் 60 பங்கையும், முழு நெருக்கம் 70 பங்கையும் வைக்கும் என்பது வழங்கிவரும் கணக்கு. பரவல் மெலிந்திருப்பதைக் கண்டு கனத்த தோட்டா வாங்க ஓடுவோர், முதலில் தம் குழலின் நெருக்கம் என்ன என்று கேட்டறிவது நலம். இரட்டைக்குழல் துப்பாக்கியில் வலக்குழலும் இடக்குழலும் வெவ்வேறு நெருக்கம் உடையனவாயிருத்தல் வழக்கம்.

ஆனால் சொல்லாலும் சூத்திரத்தாலும் தீராதது ஒன்றுண்டு. ஒரே பட்டறையில் அடுத்தடுத்துச் செய்த இரு குழல்கள்கூட ஒரே தோட்டாவை ஒரே விதமாக ஏற்பதில்லை. ஆகையால் காகிதச் சோதனையே கடைசித் தீர்ப்பு. இதை வயல்வரப்பில் செய்யலாகாது. அனுமதி பெற்ற துப்பாக்கிச் சுடும் சங்கத்தின் தளத்திலேயே, பின்புறம் உயர்ந்த மண்மேடு இருக்குமிடத்தில் செய்யவேண்டும். 6-ஆம் நம்பர் ஈய ரவை 200 மீட்டருக்கு மேலும் பறக்கவல்லது என்பதை ஞாபகத்தில் வைத்தால் இதன் காரணம் விளங்கும்.

நான்கடிச் சதுரமான முரட்டுக் காகிதங்கள் பத்து எடுத்துக்கொள்க. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளியிட்டு, குழல்வாயிலிருந்து 40 கெஜம், அதாவது 36½ மீட்டர் தொலைவில் மரச்சட்டத்தில் மாட்டுக. ஒரு காகிதத்துக்கு ஒரு வெடி மட்டுமே. துப்பாக்கியை ஆட்டாமல், புள்ளியைக் குறிவைத்துச் சுட்டபின் அடுத்த காகிதத்தை மாட்டவேண்டும். வட்டத்தை முன்கூட்டியே வரைந்துவிடுவோர் உண்டு, அது தவறு. சுட்டபின், துளைகள் மிக நெருங்கியிருக்கும் இடத்தை நடுவாகக் கொண்டு 30 அங்குலக் குறுக்களவுள்ள வட்டம் வரைதல் வேண்டும். ஒரு முனையில் ஆணியும் மறுமுனையில் பென்சிலும் கட்டிய 15 அங்குலக் கயிறு இதற்குப் போதும். புள்ளிக்கும் வட்டத்தின் நடுவுக்கும் எவ்வளவு தூரம் என்பதையும் குறித்துக்கொண்டால், துப்பாக்கி எப்பக்கம் இழுக்கிறது என்ற இன்னொரு விவரமும் செலவின்றிக் கிடைத்துவிடும்.

வட்டத்துக்குள் உள்ள துளைகளை எண்ணுக. எண்ணியதை மறுபடி எண்ணாமலிருக்க ஒவ்வொன்றையும் பென்சிலால் அடித்துச் செல்வது நல்லது. தோட்டாவில் மொத்தம் எத்தனை ரவை என்பதைத் தோட்டாவைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை, பிரிக்கவும் கூடாது. பெட்டியில் அச்சிட்டுள்ள எடையும் ரவை அளவும் போதும். ஆங்கிலேய 6-ஆம் நம்பர் ரவை ஓர் அவுன்சுக்கு 270. அமெரிக்க 6-ஆம் நம்பர் சற்றுப் பெரிது. அவுன்சுக்கு 225 தான். நாடு மாறினால் நம்பரின் பொருளும் மாறுகிறதாகையால், மில்லிமீட்டர் அளவையே நம்புக.

இனி ஒரு கணக்கு. 20 போர் துப்பாக்கியில் ⅞ அவுன்சு ஆங்கிலேய 6-ஆம் நம்பர் ரவை, அதாவது 236 ரவை இட்டு, நூற்றுக்கு 60 பங்கு வட்டத்துக்குள் விழுவதாக வைத்துக்கொள்வோம். 142 துளைகள். அதே துப்பாக்கியில் 1⅛ அவுன்சுத் தோட்டாவை இட்டால் ரவை 304. அதிலும் 60 பங்கு விழுமானால் 182 துளைகள், நல்ல லாபம். ஆனால் நசுங்கலால் 52 பங்காகக் குறைந்தால் 158 தான் தேறும். 68 ரவையைக் கூடுதலாக விலைக்கு வாங்கி, 16 மட்டும் வரவில் வைத்தவராவோம். 47 பங்குக்கும் கீழே சென்றுவிட்டால் இலேசான தோட்டாவைக் காட்டிலும் நட்டமே. தம் துப்பாக்கியில் இந்த மூன்றில் எது நிகழ்கிறது என்பதைக் கடைக்காரர் சொல்ல இயலாது, பெட்டியின்மேல் எழுதியிருக்காது, பத்துக் காகிதம் சொல்லும். ஐந்தாவது குறைந்தது வேண்டும். ஒரு காகிதத்தைக் கண்டு முடிவுகட்டுவது, ஒரு பிடி நெல்லைக் கண்டு களத்து மேனியைச் சொல்வதாகும்.

எண்ணிக்கை முடிந்தபின் சீரைப் பார்க்கவேண்டும். 11 சென்டிமீட்டர் குறுக்களவில் ஓர் அட்டை வில்லையை வெட்டி, வட்டத்துக்குள் அங்குமிங்கும் நகர்த்துக. துளை ஒன்றும் இல்லாமல் வில்லை அமரக்கூடிய இடங்கள் எத்தனை என்று குறித்துக்கொள்க. இரண்டு தோட்டாக்கள் எண்ணிக்கையில் ஏறத்தாழ ஒத்து நின்றால், வெற்றிடம் குறைந்ததே நம் தோட்டா. எண்ணிக்கையில் சிறிது பின்தங்கினாலும்கூட அதையே நாம் தேர்வோம்.

வில்லைக்கு 11 சென்டிமீட்டர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒலிம்பிக் பந்தயங்களில் ஆகாயத்தில் வீசிச் சுடும் களிமண் தட்டின் குறுக்களவு அதுவே. புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட டிராப் போட்டி இத்தகையதே. இப்போட்டியில் எல்லாரும் ஆள்வது 12 போர் துப்பாக்கி. ஆனால் விதி அனுமதிக்கும் ரவையோ 24 கிராம் தோட்டா மட்டுமே. உலகின் தேர்ந்த கைகள் 12 போருக்குரிய சதுர நிரப்பலைவிடப் பத்து கிராம் குறைவான ரவையைக் கொண்டே தட்டுக்களை நொறுக்குகின்றன என்பதைக் கனத்த தோட்டா விரும்பிகள் சிந்திக்க வேண்டும். அகன்ற குழலில் இலேசான ரவை இடுவதால் தூண் குட்டையாகிறது, நசுங்கல் குறைகிறது, உதையும் குறைகிறது. ஒடுங்கிய குழலில் கனத்த ரவை இடுவதற்கு இது நேர் எதிரானது.

அங்கே சீரின் அருமை எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 24 கிராமில் 2.4 மில்லிமீட்டர் ரவை ஏறக்குறைய 300 அடங்கும். முழு நெருக்கமுள்ள குழல் 40 கெஜத்தில் அவற்றுள் 210 வரை வட்டத்துக்குள் வைக்கும். வட்டத்தின் பரப்பு 4,560 சதுர சென்டிமீட்டர். ஆகவே 22 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு ரவை. விலகிப் பறந்தோடும் தட்டு, சுடுபவர் கண்ணுக்குப் பெரும்பாலும் விளிம்பு வாட்டிலேயே தெரியும். அப்போது அதன் முகப்பு 27 சதுர சென்டிமீட்டரைத் தாண்டாது. அத்தொலைவில் ஒரு தட்டுக்கு ஒரு ரவைக்குச் சற்று மேல்தான் பங்கு விழுகிறது. பரவலில் கையகல வெற்றிடம் ஒன்றிருந்தால் தட்டு முழுதாகத் தப்பிவிடும். தேர்ந்தவர்கள் தட்டை அத்தூரம் போகவிடாமல் முன்னதாகவே சுட்டுவிடுவது இதனால்தான்.

பொருத்தத்தைப் பற்றிப் பேசிவிட்டு அபாயத்தைச் சொல்லாமல் விடுவது முறையன்று. எடை பொருந்தினால் மட்டும் போதாது; தோட்டாவின் நீளமும் பொருந்தவேண்டும். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளின் தோட்டா அறை பெரும்பாலும் 2½ அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இக்காலத்துத் தோட்டாக்களுள் பல 70 மில்லிமீட்டர், சில 76. இந்த நீளம் வெடித்து விரிந்தபின் உள்ள நீளம் என்பதே இதிலுள்ள கண்ணி. மடிப்பு விரியாத புதுத் தோட்டா குட்டையாக இருப்பதால், 65 மில்லிமீட்டர் அறைக்குள் 70 மில்லிமீட்டர்த் தோட்டா தடையின்றி நுழைந்துவிடும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். சுடும்போது மடிப்பு விரிய இடமின்றிக் குழலின் குறுகலுக்குள் துருத்தும், ரவையின் வழி நெருங்கும், அழுத்தம் எகிறும். உள்ளே நுழைந்ததால் பொருந்தியது என்று கொள்ளலாகாது. குழலின் அடிப்புறத்தில் வெட்டியிருக்கும் சோதனை முத்திரைகளைத் துப்பாக்கிக் கம்மியர் ஒருவரிடம் காட்டி அறையின் நீளத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்க. இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்த, உடலில் அலையலையான கோடு தெரியும் பழங்குழல்கள் அழகானவை. அவற்றைச் சுவரில் மாட்டி அழகு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே நலம் என்போம்.

எஃகு ரவை என்று ஒன்றும் இப்போது வழக்கில் உண்டு. நீர்நிலைகளில் விழும் ஈய ரவையைக் கொத்தித் தின்ற வாத்துக்கள் நஞ்சேறி மடிந்ததால், அமெரிக்க நாட்டில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை தடை செய்யப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சதுப்பு நிலங்களில் தடை செய்தது. எஃகு நசுங்காது, ஆகையால் பரவல் நெருங்கும். ஈயத்தினும் இலேசானதால் வேகத்தை விரைவில் இழக்கும். அதை ஈடுசெய்ய ஈயத்தைவிடப் பெரிய ரவை இடவேண்டும். ஆயினும் மெல்லிய பழங்குழலுக்கும், முழு நெருக்கமுள்ள பழைய வாய்க்கும் எஃகு ஆகாது.

எல்லாவற்றிலும் கொடியது 20 போர் தோட்டாவை 12 போர் குழலில் தவறி இடுவது. அது கீழே விழுந்துவிடாது; விளிம்பு தடுக்க, அறைக்கு அப்பால் குழலுக்குள் சென்று சிக்கி நிற்கும். திறந்து பார்த்தால் அறை காலியாகத் தோன்றும். தோட்டா இடவில்லை போலும் என்று எண்ணி 12 போர் தோட்டாவை அதன் பின்னால் இட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். குழலைத் தாங்கும் கை எவ்விடத்தில் இருக்கிறதோ அவ்விடத்திலேயே பெரும்பாலும் வெடிக்கும். இவ்விபத்து பலமுறை நேர்ந்ததனாலேயே 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் ஏற்பட்டது. பழைய இருப்பில் நிறம் வேறாயும் இருக்கலாம். ஒரே வீட்டில் இரு போர் துப்பாக்கிகள் இருப்பின், இரண்டின் தோட்டாக்களையும் ஒரே பையிலோ ஒரே பெட்டியிலோ வைக்கலாகாது. ஒவ்வொரு முறையும் தோட்டா இடுமுன் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மறுமுனை வட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே இடவேண்டும்.